பத்தொன்பது வீசைத் தோணி

என் வீட்டுக்காரருக்கு ஒரு தோணி வாங்கப் போனோம், காட்டு வாத்து பிடிக்கிறதுக்கு. ஐம்பத்தெட்டு வயசு, இடது கை பாதிதான் வேலை செய்யுது, இடது கால் முக்கால்வாசி. அந்த ஆளுக்குத் தோணி! கேட்டா சிரிப்பாங்கன்னு அக்கம்பக்கத்துல நான் மூச்சு விடலை.

ரங்கூனில், லான்மடாப் பக்கம் எங்களுக்குக் கயிறு, வலை, தார்ப்பாய்க் கடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தராசு என் கையில்தான். கயிறை வீசைக் கணக்கில் நிறுத்துக் கொடுப்போம். கிலோவில் சொன்னால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே வரும் ஒரு வீசை. அளவில் மோசம் பண்ணினவனுக்கு மறுமையில் என்ன கதின்னு எங்க வாப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். "ருக்சானா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லி, முள்ளைக்கூடப் பார்க்காமல் வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. என் வீட்டுக்காரர் ஜமால் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

வாத்து விஷயத்தைச் சொல்லிடறேன். ஒவ்வொரு குளிர்காலமும் இவரும் நாலைஞ்சு கூட்டாளிங்களும் கியாக்தானுக்கு அந்தப் பக்கம், தண்ணி நிக்கிற வயல்காட்டுக்குப் போவாங்க. துப்பாக்கியெல்லாம் கிடையாது, வலைதான். வாத்து உயிரோட சிக்கணும், அங்கேயே பிஸ்மில்லா சொல்லி அறுக்கணும், இல்லேன்னா எங்களுக்கு ஆகாது. கத்தி இவர் கையில். ஆளுக்கு ஒரு தோணி, புல்லுக்குள்ள திக்குக்கு ஒருத்தரா பிரிஞ்சு போயிடுவாங்க. நடுவில் ஏழு வரப்பு குறுக்கே வரும். ஒவ்வொரு வரப்பு வந்ததும் தோணியைத் தூக்கித் தோளில் போட்டு அந்தப் பக்கம் இறக்கணும். அவனவன் தோணியை அவனவனே தூக்கணும், தூக்க முடியாதவன் வீட்டில் இருக்கணும். இதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தைப் போட்டதே இந்தப் பெரிய மனுஷன்தான். நாலு வருஷம் முன்னாடி, கூட்டாளிங்கள்ல மூத்தவர் நசீர் காக்காவுக்கு முழங்கால் போச்சு. அவர் தோணிக்கு ஒரு கை கொடுக்கச் சொல்லி, இவரோட சின்னம்மா மகன் ஆபித்தைக் கூப்பிட்டார். உடனே இவர் எல்லார் முன்னாலேயும், "காக்கா, நீங்க வீட்ல இருங்க, வாத்து வீடு தேடி வரும்"னு சொல்லிட்டார். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களாம். நசீர் காக்கா அப்புறம் வரவேயில்லை. இப்போ தனக்குன்னு வந்தப்போ ஒரு கை கொடுங்கப்பான்னு கேக்க வாய் வருமா? செத்தாலும் வராது.

போன வருஷம் ஜனவரியில், அந்த வயல்காட்டிலேயே, தோணியில் உக்காந்திருக்கும்போதுதான் இவருக்குப் பக்கவாதம் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் கழிச்சு ஆபித் பார்த்திருக்கான். ஆபித் பொய் சொல்லத் தெரியாதவன், அண்ணன் பொண்டாட்டிங்கறதால என்னை மச்சின்னு கூப்பிடுவான். ஆஸ்பத்திரி நடையில் வைச்சு என்கிட்ட மட்டும் சொன்னான்: "மச்சி, ஜமால் காக்கா தோணி விளிம்பு மேல குப்புறக் கிடந்தாரு. மூஞ்சிக்கும் தண்ணிக்கும் ஒரு சாண்தான். அந்தத் தேக்குத் தோணி முப்பது வீசைக் கனம், அதான் கவிழலை. வேற தோணின்னா முடிஞ்சிருக்கும்." அந்த ஒரு சாண் என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது. இவர்கிட்ட நான் அதைச் சொல்லலை. பயந்துட்டா ரத்த அழுத்தம் ஏறும்னு டாக்டர் பயமுறுத்தி வைச்சிருந்தார்.

பத்து மாசம் பாடுபட்டார். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விரலுக்கு உயிர் கொண்டு வந்தார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். அப்புறம் ஒரு சாக்கில் பன்னிரண்டு வீசை அரிசியைக் கட்டி, காலையில் தோளில் வைச்சுக்கிட்டு எங்க நாலு மாடிப் படியில் ஏறி இறங்க ஆரம்பிச்சார். "ருக்சா, ஃபைபர்ல தோணி செய்யறாங்களாம், பன்னிரண்டு வீசைதானாம். அதை நான் ஒத்தையிலே தூக்கிடுவேன்"னார். லேசான தோணி ஒரு ஆள் சாய்ஞ்சாலே கூடச் சாயும். அதில் திரும்ப அப்படி ஒண்ணு வந்தா, இடுப்பளவுத் தண்ணியிலேயே மனுஷன் போயிடுவார்.

வேண்டாம்னு சொன்னேன். அழுதேன், ரெண்டு நாள் பேசாமலும் இருந்தேன். "நீ கடையைப் பாரு புள்ளே"ன்னார். பிடிச்ச பிடி அப்படி.

நவம்பர் முதல் வாரம் ரெண்டு பேரும் பஸ்ஸைப் பிடிச்சுக் கியாக்தானில் தோணி செய்யற பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் கோ ஸோ மின், நல்ல மனுஷன், வெத்திலை போட்டுப் போட்டு வாயெல்லாம் சிவப்பு. தோணியெல்லாம் கவிழ்த்துப் போட்டிருந்தது. இவர் மாடு பிடிக்கிற மாதிரி ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்தார். மெலிசா இருக்கிற இடத்தில் ஒலி வேற மாதிரி வருமாம். அடியைத் தடவிப் பார்த்தார், ஓரத்தை அமுக்கினார், நெளியுதான்னு முழங்காலை வைச்சு அழுத்தினார். வெள்ளையா இருந்தா வாத்து ஓடிடும்னு ரெண்டைத் தள்ளினார். கடைசியில் பாசி நிறத்தில் ஒண்ணு, அளவா, அழகா, அதுதான் பிடிச்சது.

பட்டறைத் தராசு ரிப்பேர். நல்லதாப் போச்சுன்னு எங்க கடைக் கொக்கித் தராசைப் பையிலிருந்து எடுத்தேன். உத்தரத்தில் மாட்டினாங்க. கயிறு கட்டித் தோணியைத் தூக்கித் தொங்க விட்டதும் அது ஆட ஆரம்பிச்சது. இவர் அந்தக் கோடியைப் பிடிச்சு நிறுத்தினார். தராசோட முகப்பு என் பக்கம் இருந்தது, இவருக்குத் தெரியாது. முள் போய்ப் பத்தொன்பதில் நின்னுச்சு.

அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. முன்னாடியே திட்டம் போட்டுக்கிட்டு வரலை, அல்லாஹ் மேல சத்தியம். பத்தொன்பதுன்னு சொன்னா இதை விட்டுட்டு அடுத்ததைத் தேடுவார், லேசானது கிடைச்சிடும், வாங்கிடுவார். இதையே பன்னிரண்டுன்னு சொன்னா? தூக்கிப் பார்ப்பார், முடியாது, ஆசை அடங்கும். வீட்டில் இருப்பார்.

"எவ்வளவு?"ன்னார்.

"பன்னிரண்டே கால்"னு தமிழில் சொன்னேன். கோ ஸோ மின் பக்கத்திலேயே நின்னு முள்ளைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார். அவருக்குத் தமிழ் எங்கே தெரியும்? சிரிச்சுக்கிட்டு நின்னார்.

இறக்கிப் போட்டாங்க. இவர் கைலியை மடிச்சுக் கட்டினார். குனிஞ்சு, பிஸ்மில்லா சொல்லி, ரெண்டு கையாலும் ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கினார். முழங்கால் வரைக்கும் வந்தது. கழுத்து நரம்பு புடைச்சது. இடது கை விரல் ஒவ்வொண்ணா நழுவினது. தொப்புன்னு கீழே போட்டார். ரெண்டாவது தடவை முழங்கால் வரைக்கும் கூட வரலை. மூணாவது தடவை குனிஞ்சவர் அப்படியே நின்னுட்டு நிமிர்ந்தார்.

"பன்னிரண்டு வீசை"ன்னார். நான் ஜெயிச்சுட்டேன்னுதான் நினைச்சேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உக்கார்ந்து ரங்கூன் வரைக்கும் வெளியே பார்த்துக்கிட்டே வந்தார்.

மறுநாள் காலையில் சாக்கு படியடியிலேயே கிடந்தது. "படியேறலையா?"ன்னு கேட்டேன். "வீட்டுக்குள்ள தூக்கினது எல்லாம் ஒரு கணக்கா? என்னை நானே ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கேன்"னார். அதுக்கு மறுநாள் ஆபித்தைக் கூப்பிட்டு, வலையை எடுத்துட்டுப் போகச் சொல்லிக் கொடுத்துட்டார், கூடவே கத்தியையும். ஆபித் என்னைப் பார்த்தான். நான் கயிறு சுத்திக்கிட்டு இருந்தேன்.

நாலாம் நாள் என் முன்னாடி வந்து நின்னு, "பொத்தானைப் போட்டு விடு ருக்சா"ன்னார்.

ரெண்டு மாசமாத் தானே போட்டுக்கிட்ட மனுஷன்! கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாப் போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கிக்கிட்டு நின்னார். ரப்பர் பந்து எங்கேன்னு கேட்டேன். எதுக்குன்னார். ஆளைத் தண்ணியிலிருந்து காப்பாத்துறேன்னு நானே முக்கி வைச்சுட்டேனேன்னு அப்போதான் உறைச்சது. கடைசிப் பொத்தான் கழுத்துக்கிட்ட வந்தப்போ என்னால முடியலை.

"அது பன்னிரண்டு இல்லைங்க. பத்தொன்பது."

"எது?"

"அந்தத் தோணி. நான் பொய் சொன்னேன். முள்ளு பத்தொன்பதுல இருந்துச்சு."

திட்டுவார்னு நினைச்சேன், கையை ஓங்கினாலும் வாங்கிக்கத் தயாரா நின்னேன். அவர் வாய் கோணி, மெல்ல விரிஞ்சது.

"பத்தொன்பதா?"ன்னார். "பத்தொன்பதையா நான் முழங்கால் வரைக்கும் தூக்கினேன்?"

"ஆமா."

"யா அல்லாஹ்! ரெண்டு தடவை!" முழுசா ஒரு தடவை, ரெண்டாவது அரைகுறைதான். நான் திருத்தலை. அழுகை வந்துடுச்சு. ஒரு சாண் கதையை அப்போதான் சொன்னேன். கனமான தோணிதான் உங்களைக் காப்பாத்துச்சு, லேசானதுல நீங்க போயிடுவீங்கன்னு பயம், அதனாலதான் சொன்னேன், என்னை மன்னிச்சிடுங்கன்னு எல்லாத்தையும் கொட்டினேன்.

கட்டிலில் உக்கார்ந்தார். "ஒரு சாண்தானா?"ன்னு கையை விரிச்சு அளந்து பார்த்தார். அப்புறம், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அடி தட்டையா, அகலமா இருக்கிற தோணியாப் பார்த்திருப்பேனே. கவிழாத மாதிரி வேணும்னா அதுக்கு ஒரு வழி இருக்கு"ன்னார். கோபமே இல்லை. கழுத்துப் பொத்தானைத் தானே போட்டுக்கிட்டார்.

அன்னைக்கே கோ ஸோ மின்னுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். அடி தட்டையா, நீளத்தைக் குறைச்சு, அகலத்தைக் கூட்டி, ரெண்டு பக்கமும் காத்து அடைச்ச பெட்டி வைச்சு, அதுவும் பதிமூணு வீசைக்குள்ள. தண்ணி உள்ளே வந்தாலும் மிதக்கணும்னார். சாக்கு திரும்பப் படியேறினது. ஆபித்திடமிருந்து கத்தியும் வலையும் திரும்பி வந்தது. நசீர் காக்கா வீட்டுக்கும் ஒரு நாள் போயிட்டு வந்தார், என்ன பேசினாங்கன்னு சொல்லலை. ஆபித் என்கிட்ட வந்து, "நான் அவரை விட்டு ஒரு கூப்பாடு தூரத்துக்கு மேல போக மாட்டேன் மச்சி"ன்னு வாக்குக் கொடுத்தான். அதில்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

மூணு வாரத்தில் தோணி தயார். அதே பட்டறை, அதே உத்தரம். கோ ஸோ மின் தோணியைத் தொங்க விட்டார். இவர் போன தடவை மாதிரியே அந்தக் கோடியைப் பிடிச்சு ஆட்டத்தை நிறுத்தினார். முள் நின்னுச்சு. நான் குனிஞ்சு நல்லாப் பார்த்து, "பன்னிரண்டே முக்கால்"னு சத்தமாச் சொன்னேன்.

இவர் தலையாட்டினார். அப்புறம் கோ ஸோ மின் பக்கம் திரும்பி, பர்மாப் பேச்சில், "எவ்வளவு காட்டுது, நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க"ன்னார். குரலில் கோபம் கிடையாது, குத்தலும் கிடையாது. கடையில் அந்நியரிடம் பேசும்போது எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேசினார்.

நான் தராசுக்கு முன்னாடியேதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.