ஐஸ்காரர் ஆஸ்பத்திரி

மெனாஷே ஹயிம் என்று சொன்னால் ரங்கூனில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஐஸ்கார முதலாளி என்றால் எல்லோருக்கும் தெரியும். பாக்தாத்திலிருந்து தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்து இறங்கியவர். ஆற்றங்கரையில் ஐஸ் தொழிற்சாலை, அப்புறம் சோடா, அப்புறம் மரக்கிடங்கு என்று தொட்டதெல்லாம் துலங்கி, ஐம்பது வயதில் பெரிய மனிதராகிவிட்டார். யூதர்களின் தொழுகைக்கூடத்தில் அவருக்கு முன்வரிசை. யூதப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு அவர் செலவு.

ஒரு கோடையில், தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் குடியிருப்பில், கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவனுடைய மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. துக்கம் கேட்கப் போன மெனாஷே, குழந்தைக்கென்று சுருட்டி வைத்திருந்த சின்னப் பாயைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் தொழிற்சாலைக்கு எதிரே பிரசவ ஆஸ்பத்திரி எழுந்து நின்றது. எந்த ஜாதி, எந்த மதத்துப் பெண்ணும் வரலாம்; காசு கிடையாது. மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துத் தேறிய மா த்வே என்ற பர்மியப் பெண்மணி தலைமைத் தாதி. துரைசானி ஒருத்தி வந்து ரிப்பன் வெட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதோடு சரி. ஒரு பெண்கூட வரவில்லை. தாதிகள் காலையில் விரிப்பை மாற்றி, மாலையில் அதே விரிப்பைத் தட்டி விரித்தார்கள்.

"ஏன் வரமாட்டேங்கறாங்க? காசா கேக்கறோம்?" என்று மெனாஷே ஒருநாள் மா த்வேயிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"காசு இல்லீங்க ஐயா, குளிர்தான் காரணம். எங்க ஆளுங்க பிள்ளை பெத்தவளை நெருப்புப் பக்கத்துல வச்சு, மஞ்சள் பூசி, வேர்க்க வேர்க்கப் போர்த்தி வைப்பாங்க. நீங்களோ ஐஸ்காரர். ஐஸ்காரர் இடத்துல போயி எவ பிள்ளை பெப்பா?"

"நான் என்ன, உள்ள ஐஸா அடுக்கி வச்சிருக்கேன்?"

"அப்படித்தான் மீன் சந்தையில பேச்சு. கட்டிலுக்கு அடியில பாளம் பாளமா இருக்காம். பொறந்த குழந்தையை அது மேலதான் படுக்க வைக்கறோமாம்." மா த்வேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெனாஷேக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி, ரொட்டிக்கும் திராட்சை ரசத்துக்கும் ஆசி சொல்லி, அரிசி அடைத்த தக்காளியைத் தட்டில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் வீட்டில் சொன்னார். கல்கத்தாவில் கட்டிக்கொடுத்த மகள் லுலு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"பாபா, எனக்கு எங்க பிரசவம் பாக்கப் போறீங்க?"

"மாடி அறையில. வெள்ளைக்கார டாக்டர்கிட்ட சொல்லியாச்சு."

"ஏன், உங்க ஆஸ்பத்திரி நல்லா இல்லையா?"

"நல்லா இல்லாம என்ன? அந்த மாதிரி ரங்கூன்லயே கிடையாது."

"அப்ப நான் அங்கயே போறேன்."

"அது வேற, லுலு."

"எது வேற?"

மெனாஷே தக்காளியைக் கத்தியால் இரண்டாக வெட்டினார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று மகள் மேல் பாய்ந்தாள் தாய் ஃபர்ஹா. "ஊர்ல இருக்கறவளுங்களோட ஒரே கூடத்துல கெடந்து பெத்துக்கப் போறியா? உன் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவங்களுக்கு நான் சொல்லிக்கறேம்மா."

மறுநாள் காலைத் தொழுகை முடிந்ததும் மெனாஷே வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள்; வண்டி ஏறக்கூடாது. வெயிலில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். காலியாகக் கிடந்த ஒரு கட்டிலில் ஏறி, பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்தார். கட்டி முடித்த பிறகு அதில் அவர் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை. மெத்தை முதுகை உறுத்தியது. ஆற்றுக் காற்று பெரிய ஜன்னல்கள் வழியாக நேரே வந்து மேலே அடித்தது. நல்ல காற்றோட்டம் என்று அவரே பெருமையாகக் கேட்டு வாங்கி வைத்த ஜன்னல்கள்தான். இதில் லுலுவைப் படுக்க வைப்போமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மாட்டோம் என்று தோன்றியதும் முகம் சுட்டது.

மா த்வே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வழக்கப்படி இங்க என்னவெல்லாம் வேணும்? சொல்லுங்க" என்றார், எழுந்து உட்கார்ந்து.

"ஆத்துப் பக்கம் ஜன்னலை அடைக்கணும். பெத்தவளோட அம்மாவோ மாமியாரோ கூடவே தங்க எடம் வேணும். அவங்க கையால கஞ்சி வைக்க ஒரு அடுப்பு. அப்புறம், துணி சுத்தி வயித்துல ஒத்தடம் குடுக்கச் சுட்ட செங்கல்."

"செங்கல்லா? எதிர்லயே ராவும் பகலும் கொதிகலன் எரியுதே!"

ஐஸ் செய்யும் இடத்தில் அத்தனை நெருப்பு இருப்பது சந்தைக்காரிகளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கத் தொடங்கியதிலிருந்து தெரிந்தது. ஐஸ் தொழிற்சாலைக் கதவு வழியாகச் சூடு பறக்கும் செங்கற்களை இரும்புத் தட்டில் வைத்து ஆட்கள் தெருவைக் கடப்பதைக் கூடையும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மெத்தைகள் மாறின. லுலு போய்ப் படுத்தாள். ஃபர்ஹா அழுதுகொண்டே தலையணை, சமையல் பாத்திரம் சகிதம் கூடவே போனாள். வெள்ளைக்கார டாக்டர் கோபித்துக்கொண்டு வரவில்லை. மகளுக்கு வலி கண்ட அந்தப் பகல் முழுக்க மெனாஷே எதிரே கொதிகலன் அறையில் போய் நின்றார். அந்த இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழாது. சாயங்காலம் மா த்வேயே தெருவைக் கடந்து வந்தாள்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்க வீட்டம்மாதான் என்னை விரட்டி விரட்டிச் செங்கல் கேக்கறாங்க."

குழந்தைக்கு ரீமா என்று பெயர். ஆறாம் நாள் சடங்குக்கு யூதப் பிள்ளைகள் தட்டைத் தட்டிப் பாட்டுப் பாடி, பாதாமும் மிட்டாயும் வாங்க வருவது வழக்கம். அதை ஆஸ்பத்திரிக் கூடத்திலேயே வைத்தாள் லுலு. சத்தம் கேட்டுத் தெருப் பிள்ளைகள் நுழைந்தார்கள். அவர்களைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். மீன்காரி டாவ் ன்யுன் நிறைமாத மருமகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, குனிந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் பார்த்தாள்.

"என்ன தேடறீங்க?" என்றாள் லுலு.

"ஐஸு."

"எங்கப்பா எல்லாத்தையும் வித்துட்டாரு."

கூடமே சிரித்தது. டாவ் ன்யுன் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. வாசலைப் பார்த்து, "உள்ள வாடி" என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் கட்டில்கள் நிறைந்துவிட்டன. தாழ்வாரத்திலும் பாய் போட வேண்டியிருந்தது. மெனாஷே பக்கத்து மனையையும் வாங்கினார். குளிர் தொடங்கியபோது லுலுவையும் குழந்தையையும் கல்கத்தா கப்பலில் ஏற்றிவிட்டுக் கணவனும் மனைவியும் வண்டியில் திரும்பினார்கள்.

"ரெண்டாவதுக்கும் அங்கதான் வருவேன்னு சொல்லிட்டுப் போறா" என்றாள் ஃபர்ஹா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது? அந்தக் கூடத்துத் திரையை மட்டும் முதல்ல மாத்துங்க. பச்சை, கண்ணைக் குத்துது."