பித்தப்பைக்குப் போன சேதி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கந்தம்மாளுக்கு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. கோடைக்கானல் ஆஸ்பத்திரியில் அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. எக்ஸ்ரே எடுக்கும் குமாரவேலுக்கும் வியாழக்கிழமை காலை வரை இல்லை.

அது 1958, தை மாதம். கந்தம்மாள் மன்னவனூரில் பூண்டு விளைவிக்கும் குடும்பத்துப் பெண். ஐந்து மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி வந்து வந்து அவளைச் சுருட்டிப் போட்டது. டாக்டர் லீலா பித்தப்பையைச் சந்தேகித்தார்.

அதைச் சோதிக்க ஒரு முறை உண்டு. முந்தின நாள் மாலை மாத்திரை கொடுத்தால், மறுநாள் படத்தில் பித்தப்பை வெள்ளையாகத் தெரியும். பிறகு கொழுப்பான ஆகாரம் தர வேண்டும். கொழுப்பு பட்டதும் குடல் ஒரு ரசாயனத்தை ரத்தத்தில் கலந்து அனுப்பும். அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததும் பையின் தசை இறுகிப் பித்தத்தைப் பிழியும். பித்தக் குழாய் குடலில் திறக்கும் வாயை மூடியிருக்கும் தசையோ நெகிழ்ந்து வழி விடும். ஒரே சேதி ஓரிடத்தில் முறுக்குகிறது, இன்னோரிடத்தில் இளக்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் குமாரவேல் மனசுக்குள் முருகனைக் கும்பிட்டுக்கொள்வார்.

திங்கட்கிழமை நடந்த சோதனையில் கந்தம்மாளின் பை அசையவே இல்லை. ஆகாரத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களும் ஒன்றுபோல இருந்தன.

"வேலை செய்யாத பை. எடுத்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை காலை குமாரவேல் பெண்கள் வார்டுக்குப் போனார். பேத்துப்பாறைக் கூலிக்காரி ராக்காயி, விறகுக்குப் போன இடத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டவள், கந்தம்மாளுக்கு அடுத்த கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். அவள் காலைப் படம் எடுக்க வேண்டும்.

"அண்ணே, வெறுங்கையோடவா வந்தீங்க? அன்னைக்கு அந்த அக்காவுக்குக் கொண்டாந்தீங்களே, முட்டையும் வெண்ணெயும் அப்பின ரொட்டி, அது இன்னைக்கு இல்லையா?"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாமலா? தின்னதே நாந்தானே!"

 நோயாளி தின்று முடிக்கும் வரை நின்று பார்க்க வேண்டியது குமாரவேலின் பொறுப்பு. ஆனால் சாப்பிடுகிறவர்களை உற்றுப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று வளர்ந்தவர் அவர். திங்கட்கிழமை தட்டைக் கொடுத்துவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். காலித் தட்டு கைக்கு வந்ததும், 'முழுவதும் சாப்பிட்டார்' என்று எழுதிவிட்டார்.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று கந்தம்மாளைக் கேட்டார்.

"பூசத்துக்கு விரதம் இருக்கேன்யா. முட்டையத் தொடலாமா? டாக்டரம்மா அக்கறையாக் குடுத்தனுப்புனதை வேண்டாம்னா அவுக மனசு நோகும். இவ பசிச்ச வயிறாக் கெடந்தா. குடுத்துட்டேன். தப்புங்களா?"

 சேதியே போகாத பை எப்படி வேலை செய்யும்? இதைச் சொன்னால் தன் வேலை போகலாம். சொல்லாவிட்டால் நல்ல பை ஒன்றை வெட்டி எறிவார்கள். நேரே டாக்டரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் லீலாவின் முகம் சிவந்தது. "பார்க்காமலேயே பார்த்ததா எழுதினீங்களா? நான் அதை நம்பி கத்தியை எடுக்க இருந்தேனே!"

"தப்புத்தாங்க. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. இன்னொரு தடவை படம் எடுத்துப் பாத்துடலாங்க."

டாக்டர் திங்கட்கிழமைப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "வெண்ணெய் தின்பாளா?" என்று கேட்டார்.

"விரதத்துக்கு வெண்ணெய் ஆகுங்க. முட்டைதான் கூடாது."

"சரி, சாயங்காலம் மாத்திரை கொடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள படம் என் கையில இருக்கணும். பை அசையலைன்னா ஆபரேஷன் நடக்கும்."

விஷயம் வார்டுக்கு எட்டியதும் ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று தன்னைப் பார்க்க வந்த தங்கையிடம், "ஏடி, காலையில வெள்ளனே எருமை வெண்ணெய் கொண்டா. கோழி முட்டை வச்ச சட்டிப் பக்கமே போயிறாதே" என்று சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்தப் பெண் பனியில் நடந்தே வந்து, இலையில் பொதிந்த வெண்ணெயை நீட்டினாள்.

முதல் படத்தில் பை சிறு கத்தரிக்காய் அளவு தெரிந்தது. குமாரவேல் வெண்ணெயைச் சுடுபாலில் உருக்கிக் கொண்டுவந்து கந்தம்மாள் எதிரில் அமர்ந்தார்.

"இன்னைக்குப் பாத்துக்கிட்டுத்தாம்மா இருப்பேன். கோவிச்சுக்காதே."

"பாருங்கய்யா, நல்லாப் பாருங்க. கண்ணு பட்டா நாலு மொளகாயச் சுத்திப் போட்டாப் போச்சு!"

வார்டு முழுவதும் பார்த்திருக்க, முருகா என்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி படம் எடுத்தார். ஆபரேஷன் அறையில் கத்திகள் ஏற்கெனவே கொதிக்கும் நீரில் கிடந்தன. இருட்டறையில் மருந்துத் தண்ணீரிலிருந்து குமாரவேல் படத்தைத் தூக்கினார். செந்நிற விளக்கில் பார்த்தவர், நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். கத்தரிக்காய் அவரைக்கொட்டையாகச் சுருங்கியிருந்தது! அதன் கழுத்திலிருந்து குடல் வரை குழாய் வழியே வெள்ளை நூல் ஒன்று இறங்கியிருந்தது.

ஈரப் படத்தோடு ஓடினார். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிழிஞ்சு தள்ளியிருக்கே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "கல்லும் இல்லை, பையும் ஒழுங்கா வேலை செய்யுது. வலி சதைப்பிடிப்புதான், மாத்திரையே போதும். போங்க குமாரவேல், ஆபரேஷன் தியேட்டர்ல அடுப்பை அணைக்கச் சொல்லுங்க." வாசலை எட்டியவரை நிறுத்தி, "உண்மையை வந்து சொன்னீங்களே, அதனால அவ தப்பிச்சா" என்றார்.

அவர் திரும்பி வந்தபோது வார்டே அமளிப்பட்டது. கந்தம்மாள் படத்தை டாக்டரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"பாருங்கடி, எம் பித்தப்பைய! சோலி செய்யாதுன்னாகளே, எம்புட்டு வெரசா வேலை செஞ்சிருக்கு பாருங்க!"

ராக்காயி தன் முறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.