ஊரைக் கேட்டுச் சொல்கிறோம்

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் கிளம்புகிற நேரம். வட்டக்காட்டுத் தோட்டத்து மேல் டிவிசனில் பனி இன்னும் விலகவில்லை. நாகலெட்சுமி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். லயத்து வீட்டு வாசலில் பிளேன்டியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த அவள் புருசன் பழனியாண்டி, தினமும் செய்கிற சேட்டையை அன்றைக்கும் செய்தார். மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, “இது எத்தன, சொல்லு பாப்பம்,” என்றார்.

“வேல வெட்டி இல்லாத ஆளு மூணு வெரலக் காட்டுது,” என்றாள் அவள்.

பழனியாண்டி சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் கிளாஸ் கையிலிருந்து நழுவியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார்கள். ஓடி என்ன செய்ய? வழியிலேயே உயிர் போய்விட்டது. சிரித்த முகத்தோடு போனார், நல்ல சாவு என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, எதையும் சொல்லும்.

அந்த விரல் விளையாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. நாகலெட்சுமிக்கு இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துத்தான் கொழுந்து பறித்தாள், பிள்ளை வளர்த்தாள். ஒரு கவ்வாத்துக் காலத்தில், வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று துள்ளி அந்தக் கண்ணிலும் அடித்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனாளா? கைப்பிள்ளைக்காரி ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். கேட்கவில்லை என்றதும் யாரோ சொன்ன சொட்டு மருந்தை டவுன் கடையில் வாங்கி விட்டார்கள். கண்ணில் சீழ் கட்டிய பிறகுதான் டாக்டரைப் பார்த்தார்கள். புண் ஆறியது, ஆனால் கருவிழி மேல் வெள்ளை விழுந்துவிட்டது. இறந்த ஒருவருடைய கருவிழிப் படலத்தை எடுத்துத் தைத்தால்தான் பார்வை வரும் என்று கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு அவள் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தாள். அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டாள். ஒருநாள் சாயந்தரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கண் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். மகன் வினோஜன் ஹட்டனில் போன் கடை வைத்திருப்பவன். கடையை அப்படியே போட்டுவிட்டு அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் பறந்தான். ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று, டாக்டர் காட்டிய விரல்களை அவள் சரியாக எண்ணிச் சொன்னதும், பழனியாண்டி வார்டு என்றும் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“யாரு புண்ணியவான் மிஸ் குடுத்தது?” என்று நர்ஸிடம் கேட்டார்.

“பேர் சொல்லக் கூடாது ஐயா. காலையில எறந்துபோன ஒரு அம்மா. அவ்வளவுதான் சொல்லலாம்.”

அன்றைக்கே மனைவியையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழனியாண்டி சொன்னார்: “நான் போனா என் கண்ணையும் குடுத்துரணும். மறந்துறாதீங்க.” வினோஜன் அம்மாவின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, இனி எங்கள் குடும்பமே கண்தானக் குடும்பம் என்று எழுதினான். சொந்தக்காரர்கள் எல்லாரும் இதயம் போட்டார்கள். போனில் இதயம் போடுவதற்கு என்ன கஷ்டம்!

இப்போது அப்பா செத்துக் கிடக்கிறார். பெண்கள் நாகலெட்சுமியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் அவள் மகனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“கண்ணுக்காரங்களுக்குப் போன் பண்ணுய்யா. நேரமாச்சுன்னா ஆகாதாம். அப்பா சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

“பண்றேம்மா,” என்றான் வினோஜன். பண்ணவும் செய்தான். அதுவரை அவன் நல்ல பிள்ளைதான்.

டவுனிலிருந்து கண் எடுக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சமிந்த என்று பெயர், சிங்களவர், வேலைக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர். ஐஸ் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டிய வாசலில் மரியாதையாக நின்றார். வினோஜன் அவரை உள்ளே அழைத்துப் போகத் திரும்பினான். அங்கே சித்தப்பா பொன்னையா நின்றார். அப்பாவின் தம்பி, தோட்டத்து மரணாதார சங்கத் தலைவர். சாவு வீட்டில் பந்தல் போடுவதிலிருந்து குழி வெட்டுவது வரைக்கும் அவர் சொல்வதுதான்.

“யாருடா இது?”

வினோஜன் விசயத்தைச் சொன்னான். சித்தப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவன் எதிர்த்து நின்றிருப்பான்.

“நல்ல காரியந்தான். நான் வேணாம்னு சொல்லல,” என்றார் பொன்னையா மெதுவாக. “ஆனா அக்கா வரட்டும். மூத்தவ. அவளைக் கேக்காம கைய வச்சா நாளைக்கு ஒரு பேச்சு வரும். நீ வேற கடைய இப்பத்தான் பெருசாக்கிருக்க. அப்பன் கண்ண வித்துட்டான்னு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நான் பேச மாட்டேன். ஊரு பேசும்.”

அந்த ஒரு பேச்சு வினோஜனை அங்கேயே நிறுத்திவிட்டது. அப்பன் கண்ணை விற்றவன். கடைக்கு வருகிறவர்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் இதைத்தான் சொல்வார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

“கொஞ்சம் இருங்க, அத்தை வரணும்,” என்று சமிந்தவிடம் போய்ச் சொன்னான்.

“சரி தம்பி. ஆனா லேட் பண்ண வேணாம். நாலு அஞ்சு மணித்தியாலம் போனா அந்தக் கண் வேலை இல்ல.”

அவருக்கு நாற்காலி போட்டார்கள். பிளேன்டி கொடுத்தார்கள். பிஸ்கட் தட்டு வந்தது. எங்கள் ஆட்கள் உபசரிப்பில் குறை வைத்தார்கள் என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்ல முடியாது.

அக்கரப்பத்தனையிலிருந்து அத்தை மீனம்மா வந்தாள். வாசலிலேயே மாரடித்துக்கொண்டு விழுந்தவளை எழுப்பி உட்காரவைத்து, அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்து, வினோஜன் காதோடு கேட்டான். அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

“எனக்கென்னய்யா தெரியும், பொம்பள. தம்பி சொல்லிட்டுப் போயிருக்கான்னா செய்யணும். ஆனா கண்ணு இல்லாம போனா மேல வழி எப்பிடித் தெரியும்? அடுத்த பொறப்புல குருடாப் பொறந்துட்டா? போதாததுக்கு அவனுக்குப் பொர எடுத்த கண்ணு. அது யாருக்கு ஆகும்? சங்கத்து ஆளுங்க நாலு பேரையும் ஒரு வார்த்த கேட்டுக்க.”

வினோஜன் அதையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். பழனியாண்டி போன வருசம் புரை ஒப்பரேசன் செய்துகொண்டது உண்மைதான். இதைச் சொன்னால் அந்த மனிதரே வேண்டாம் என்று போய்விடுவார், தன் தலை தப்பும் என்று அவனுக்குள் ஓர் ஆசை. வெட்கங்கெட்ட ஆசை.

சமிந்த தலையை ஆட்டினார். “புரை வாறது உள்ளுக்கு. நாங்க எடுக்கிறது முன்னுக்கு, கண்ணாடி மாதிரி இருக்கிறது. புரை எடுத்தவங்க கண்ணும் நாங்க எடுக்கிறது. எடுத்த பொறகு கண் மூடி இருக்கும், முகம் மாறாது. தம்பி, அம்மாகிட்ட நான் கேக்கவா? அம்மா சரின்னு சொன்னா போதும்.”

வினோஜன் உள்ளே பார்த்தான். அம்மா, புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாள். கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் சரி என்று சொல்லியிருப்பாள். அவள் சொல்லிவிட்டால் செய்துதான் ஆகவேண்டும், செய்தால் பழி தன் தலையில் வந்து விடியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

“அம்மா இப்ப பேசுற நெலமையில இல்ல,” என்றான்.

பொய். பச்சைப் பொய். பெற்றவளின் வாயை மூடுவதற்கு அவளுடைய துக்கத்தையே கருவியாக்கினான். அப்புறம் சங்கத்து ஆட்களைத் தேடிப் போனான். ஒருத்தர் பந்தல்காலுக்கு மூங்கில் வெட்டப் போயிருந்தார். இன்னொருத்தர், தலைவர் சொன்னால் எனக்கும் சரி என்றார். தலைவரோ, எல்லாரும் சொன்னால் எனக்கும் சரி என்றார். மாப்பிள்ளை முறைக்காரன் ஒருத்தன், கொழும்பிலிருந்து மச்சான்மார் வரட்டுமே, நாளைக்குப் பேசிக்கலாம் என்று யோசனை சொன்னான்.

இப்படியே வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. மத்தியானச் சாப்பாடு வந்தபோது சமிந்தவுக்கும் சோறும் பருப்பும் கொண்டுவந்து நீட்டினார்கள்.

“சாப்புட்டுப் போங்க மாத்தியா,” என்று சிங்கள மரியாதையும் சேர்த்துக் கனிவாகச் சொன்னார் பொன்னையா.

சமிந்த தட்டை வாங்கவில்லை. “இனி வேலை இல்ல ஐயா. நேரம் போச்சு,” என்று சொல்லிவிட்டு, வினோஜனை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. ஐஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று வினோஜனுக்குத் தோன்றியது. அதோடு, ஒரு பாரம் இறங்கினது போலவும் இருந்தது. அதை நினைத்துத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

மறுநாள் பெட்டியை மூடும் நேரம். தப்பு மேளச் சத்தம் ஓய்ந்தது. நாகலெட்சுமி புருசனின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து, அத்தனை துக்கத்திலும் ஒரு நிறைவோடு கேட்டாள்.

“நேத்து குளிப்பாட்ட எங்கள வெளிய அனுப்பினாங்களே, அப்பக் கண்ண எடுத்துட்டாங்கன்னே தெரியலைய்யா. தூங்குற மாதிரியே இருக்காரு. பத்தரமாக் கொண்டுபோய்ச் சேத்துட்டாங்களாமா?”

வினோஜன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்காக அத்தை பதில் சொன்னாள், பெருமையாகவே சொன்னாள். “எடுக்கல நாகலெட்சுமி. அந்த ஆளு காத்துக்காத்துப் பாத்துட்டுப் போயிட்டான். எந் தம்பி முழுசாத்தான் போறான்.”

நாகலெட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. மகன் தலை குனிந்து நின்றதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

“ஏன்டா என்னக் கேக்கல?” என்றாள்.

அவன் வாய் திறக்குமுன், “நேரமாகுது அண்ணி, தூக்கணும்,” என்றார் பொன்னையா.

“நேத்து பூரா ஒங்களுக்கு நேரமே ஆகலியே தம்பி.” அவள் கத்தவில்லை. அவள் பேசியது பந்தலின் கடைசி வரைக்கும் கேட்டது. “எனக்குக் கண்ணு குடுத்த அந்த அம்மா வீட்டுலயும் சித்தப்பா இருந்திருப்பாரு, அத்த இருந்திருப்பா. அந்த வீட்டுப் புள்ளையும் இவன மாதிரி ஊருக்குப் பயந்து நின்னுருந்தா, இன்னைக்கு இந்த மொகத்த நான் கையால தடவித்தான் பாத்திருக்கணும்.”

“அம்மா, நான் மாட்டேன்னு சொல்லலம்மா,” என்று அழுதான் வினோஜன்.

“யாருமே சொல்லலியேப்பா. சோறு போட்டுல்ல அனுப்பப் பாத்திருக்கீங்க. சரின்னு சொல்லத்தான் இத்தன பேருல ஒருத்தருக்கும் வாய் வரல. கண்ணு வாங்குறப்ப நாம ஊரக் கேட்டமா? போன் வந்த ஒடனே ஓடுனோம். குடுக்குறப்ப மட்டும் ஊரக் கேட்டுக்கிட்டே நின்னோம். எங்கயோ ரெண்டு பேரு என்ன மாதிரி செவத்தத் தடவிக்கிட்டு ஒரு போனுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க கண்ணத்தான் இப்ப மண்ணுல பொதைக்கப் போறீங்க. மூடுங்க பெட்டிய.”