2292 எங்கே?

டால்ட்ரி கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தில் எந்தப் பெட்ரோல் பங்குக்குப் போனாலும் வெர்லீன் டகெட்டின் முகம் கிடைத்தது. சிறைக்குப் போனவர்களின் படங்களை மட்டுமே அச்சடித்து விற்கும் வாரப் பத்திரிகை ஒன்று அங்கே உண்டு. காபி வாங்க வருகிறவர்கள் அதையும் ஒன்று எடுத்துக்கொண்டு, ட்ரக்கில் உட்கார்ந்து, தெரிந்த முகம் ஏதாவது மாட்டுகிறதா என்று புரட்டுவார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் மாட்டியவள் வெர்லீன். தலை கலைந்து, வாய் கோணி, பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மஞ்சள் சட்டையோடு இருந்தாள். நீதிபதி மூன்றே வாரத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. தள்ளுபடியான முகத்தைப் பார்க்க யாருக்கு ஆசை?

நடந்தது இதுதான். பிள்ளைகள் இறங்கும்போது பேருந்தின் பக்கவாட்டில் சிவப்புப் பலகை ஒன்று நீளும். அது நீண்டிருக்கும்வரை முன்னாலும் சரி, பின்னாலும் சரி, எந்த வண்டியும் நகரக் கூடாது. தீவனக்கடை வைத்திருக்கும் கார்லண்ட் ப்ரூயிட் அதை மதிக்காமல் தன் ட்ரக்கை உருட்டிக்கொண்டு போனான். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் புத்தகப் பையை வண்டியின் பக்கக் கண்ணாடி உரசியது. வெர்லீன் வண்டி எண்ணைக் குறித்துப் புகார் கொடுத்தாள். மறுநாள் காலை அவன் அதே நிறுத்தத்தில் காத்திருந்து பேருந்துக்குள் ஏறி, பிள்ளைகள் காதுபட அவளைக் கண்டபடி ஏசினான். இறங்கச் சொன்னாள். அவன் இறங்கவில்லை. பூட்ஸ் காலால் நெஞ்சில் ஒரு உதை விட்டாள். ஓரத்துச் சாக்கடையில் போய் விழுந்தான்.

போலீஸ் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனது. கைரேகை எடுக்கும் மேசையில் அவளுக்கு அடுத்து நின்றவன் கார்லண்ட்தான். அவளைப் பதினெட்டு மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். அவன் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டான்.

பள்ளிக் குழுவின் தலைவர் ராய்ஸ் ப்ரூயிட், கார்லண்டின் கூடப்பிறந்த அண்ணன். வெர்லீன் இனிமேல் பேருந்து ஓட்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு முன்னாலேயே ஊரெல்லாம் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்: "என் தம்பியப் போலீஸ் புடிக்கவே இல்ல. புடிச்சது அவள மட்டும்தான். சிறையோட வெப்சைட்ல நீங்களே பாத்துக்கங்க."

வெர்லீன் பார்த்தாள். அவர் சொன்னபடியேதான் இருந்தது. கார்லண்ட் பெயர் எங்கேயும் இல்லை. அவள் பெயர் இருந்தது, கைது எண் 2291. அதற்கு அடுத்த வரியில் கள்ளச் சாராயம் விற்றவன் ஒருவன், எண் 2293. பெயரை எடுத்தவர்கள் எண்ணைச் சரிக்கட்ட மறந்துவிட்டார்கள். எண்ணைப் போடுவது மனிதன் இல்லை, இயந்திரம். அதற்கு ப்ரூயிட் குடும்பத்தைத் தெரியாது. வெர்லீன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சிறை அலுவலகத்தின் பதிவுக் கவுண்டரில் போய் நின்றாள். உள்ளே ஆட்டி கிரென்ஷா இருந்தாள். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலிக்காரி, இருவரும் ஒரே சர்ச்.

"ஆட்டி அக்கா, 2292 வேணும்."

"பேரு சொல்லு, தேடுறேன்."

"பேரு எதுக்கு? எண்தான் இருக்கே."

ஆட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "நெட்ல பாத்துக்கம்மா. எல்லாம் அதுலயே இருக்கு."

"அதுல ஒரு பல்லு விழுந்து கெடக்கு. அதான் வந்தேன்."

"அந்தக் காகிதம் இப்ப இங்க இல்ல வெர்லீன். கோர்ட்டுக்குப் போயிருக்கு."

பொய். ஆட்டிக்குப் பொய் சொன்னால் கழுத்து சிவக்கும், சிவந்தது. வெர்லீன் சண்டைக்குப் போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள். கைதுப் பதிவுகளை எவரும் அலுவலக நேரத்தில் இலவசமாகப் பார்வையிடலாம். நகல் கிடைக்க ஏழு வேலை நாள் ஆகும். எத்தனை பதிவு பார்க்கலாம் என்று அந்தப் பலகையில் எங்கேயும் போடவில்லை.

"சரிக்கா. அப்ப 2280 காட்டு."

"அது யாரு?"

"யாரா இருந்தா என்ன? எவரும் பார்வையிடலாம். நானும் எவர்ல ஒருத்திதான்."

ஆட்டி எழுந்து, காலை இழுத்து இழுத்துப் பின்னால் இருந்த இரும்பு பீரோவுக்குப் போய், ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன். வெர்லீன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். அவன் உயரம், எடை, கையில் பச்சை குத்தியிருந்த மீன், எதையும் விடவில்லை.

"நன்றிக்கா. 2281."

ஆட்டி போனாள், வந்தாள். பிறகு 2282. 2283. பத்து மணிக்குள் கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. துப்பாக்கி உரிமம் புதுப்பிக்க வந்தவர், மகனுக்கு ஜாமீன் கேட்க வந்த தாய், இன்னும் நாலைந்து பேர்.

"என்னம்மா, நூலகத்துக்கா வந்திருக்கே?" என்றார் துப்பாக்கிக்காரர்.

"ஆமாங்க. ஒரு புத்தகத்துல ஒரு பக்கத்தக் கிழிச்சிட்டாங்க. அதத் தேடுறேன்."

2287-இல் ஆட்டி அவள் முகத்துக்கு நேரே குனிந்து கிசுகிசுத்தாள். "என் காலு போகுதுடி. உனக்கு மனசாட்சி இருக்கா?"

"பதினெட்டு மணி நேரம் சிமெண்டு பெஞ்சுல உக்காந்திருந்தேன். அப்ப என் காலப் பத்தி யாரும் கேக்கலக்கா. 2288."

2291 வந்தது. அவளுடைய தாள். படத்தைப் பார்த்தாள். பத்திரிகையில் பார்த்த அதே கோண வாய். ஆனால் இங்கே, கவுண்டர் வெளிச்சத்தில், அது அழுகிற வாயாகத் தெரியவில்லை. கடித்துப் பிடித்த வாய். எனக்கு இந்தப் படத்தில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் பெட்ரோல் போடக்கூடப் பக்கத்துக் கவுண்டிக்குப் போய்வந்ததை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"அடுத்தது" என்றாள்.

ஆட்டி நகரவில்லை. துப்பாக்கிக்காரர் முன்னால் வந்து முழங்கையைக் கவுண்டரில் ஊன்றினார். "அடுத்தது என்னன்னு எனக்கும் பாக்கணும் போல இருக்கு. நானும் எவர்ல ஒருத்தன்தானே?"

"நானும்தான்" என்றாள் ஜாமீன் கேட்க வந்த தாய்.

ஆட்டி வரிசையைப் பார்த்தாள், உள்ளே, போலீசுக்கும் சிறைக்கும் தலைவரான ஷெரிஃபின் மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ! பீரோவைத் திறந்து, கையை விட்டதும் எடுத்தாள். தாள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"கோர்ட்டுக்குப் போயிருக்குன்னியே அக்கா?"

"போயிட்டு வந்துடுச்சு, போ. நெட்ல போடாதேன்னுதான் ஷெரிஃப் சொன்னாரு. பீரோவப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல." தாளை நகல் இயந்திரத்தில் வைத்தாள். "ஏழு நாளுங்கிறது பலகைக்குத்தான். மெஷினுக்கு அர நிமிஷம் போதும்." 2291-ஐயும் சேர்த்து நகல் எடுத்து, இரண்டிலும் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். துப்பாக்கிக்காரர் விசில் அடித்தார்.

மாலை ஆறு மணிக்குப் பள்ளி நூலகம் நிரம்பியிருந்தது. ஐந்து உறுப்பினர்கள் நீள மேசைக்குப் பின்னால். பின்வரிசையில் கார்லண்ட், புதுத் தொப்பியோடு.

"வெர்லீன், ஒன் கைதப் பத்தி நீ ஏதாவது சொல்றியா?" என்றார் ராய்ஸ், துக்க வீட்டுக்கு வந்தவர் குரலில்.

"சொல்றேன் சார்." எழுந்து நின்று தன் தாளைத் தானே உரக்கப் படித்தாள். பெயர், வயது, எடை, குற்றச்சாட்டு. எடையைப் படிக்கும்போது யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "தள்ளுபடி" என்று முடித்தாள். "இது என்னோடது. நீங்க எல்லாரும் ஏற்கெனவே பாத்ததுதான். இன்னொரு தாள் இருக்கு. இத நான் படிக்க மாட்டேன். சார், நீங்க படிங்க. ஒங்க வீட்டுப் புள்ளையோடதுதான்."

ராய்ஸ் தாளை வாங்கினார். முத்திரையைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. "இது இந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்."

"படிங்க ராய்ஸ்" என்றார் உறுப்பினர்களில் கடைசி நாற்காலியில் இருந்த ஹைரம் ஸ்டோக்ஸ். முட்டைப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டியவர், கூட்டங்களில் வாயே திறக்காதவர். "இல்லேன்னா கண்ணாடியப் போட்டுக்கிட்டு நான் படிக்கிறேன். நான் மெதுவாத்தான் படிப்பேன், பரவால்லையா?"

ராய்ஸ் படித்தார். கைது எண் 2292. கார்லண்ட் ப்ரூயிட். அனுமதியின்றிப் பள்ளிப் பேருந்தில் ஏறியது, மிரட்டியது. கீழே கைது செய்த போலீஸ்காரர் கையால் எழுதிய குறிப்பு இருந்தது. அந்த இடத்தில் அவர் குரல் தேய்ந்தது.

"சத்தமா" என்றது கூட்டம்.

"பேருந்தில் பத்தொன்பது குழந்தைகள். ஓட்டுநர் அந்த ஆளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் கைகளை விரித்து நின்றார். மூன்று முறை இறங்கச் சொன்னதாகக் குழந்தைகள் சொல்கிறார்கள். அவர் வலது கையில் எட்டு வயதுச் சிறுமியின் புத்தகப் பையைப் பிடித்திருந்தார்."

யாரும் திரும்பவில்லை. ஆனால் பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும் எல்லாருக்கும் கேட்டது.

ராய்ஸ் தொண்டையைச் செருமினார். "ஓட்டெடுப்ப அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கலாம்னு..."

"தள்ளி வைங்க, வைக்காம போங்க" என்றாள் வெர்லீன். அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "நாளைக்குக் காலைல ஆறு பத்துக்கு நான் வண்டி எடுக்கிறேன். என்னைய நிறுத்தணும்னா ரோட்டுக்கு வந்து, புள்ளைங்க முன்னாடி நிறுத்துங்க."

ஹைரம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே எழுந்தார்.

"ஆறு பத்துதானே? எங்க வீட்டுக் குட்டி ஷூ கட்ட நேரமாக்குவா. ரெண்டு நிமிஷம் நிப்பியாம்மா?"

"ஒரு நிமிஷம் நிப்பேன்" என்றாள் வெர்லீன்.