கடைசி ஆளுக்குப் பின்னால்

முனையில் யாரும் நிற்கவில்லை.

மர அறுவை ஆலையைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிற இடம் அது. அங்கே எங்கள் ஆள் ஒருவர் நின்றிருக்க வேண்டும். பைக்கை ஓரமாக நிறுத்தி, போக வேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு, நான் வரும்வரை. நான் வராமல் அவர் நகரக் கூடாது. மழை கொட்டினாலும், சிறுநீர் முட்டினாலும் நகரக் கூடாது. குழுக்களைப் பைக்கில் சுற்றுலா அழைத்துப் போகிற எங்கள் தொழிலில் சட்டம் என்று இருப்பது இது ஒன்றுதான். குழுவின் முன்னால் ரோஸ்விதா போவாள். பிரிவுச் சாலை வந்தால் தனக்கு அடுத்து வருபவரை விரல் காட்டி அங்கே நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். நிற்பவர் மற்றவர்களுக்கு வழி காட்டுவார். கடைசியில் ஆரஞ்சு மேலங்கி போட்ட நான் வந்து கட்டைவிரலை உயர்த்துவேன். அவர் வண்டியைக் கிளப்பி எனக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் வேறொருவர். இப்படியே பிரேமனிலிருந்து கிளம்பி, ஆல்ப்ஸைத் தாண்டி, ஏரிக்கரையில் நடக்கும் பைக் திருவிழா வரைக்கும் ஒருவரும் வரைபடத்தைத் தொடாமல் வந்துவிடலாம். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த வெண்டலின், குழுவிலேயே வயதானவன், முனையில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் இடப்பக்கம் கை காட்டினேன். தனியாக இந்த மலையில் ஓட்டிப் பழகியிருந்ததால் எனக்கு வழி தெரியும், அன்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. யாரோ பொறுமை இழந்து கிளம்பிவிட்டார்கள், சாப்பாட்டு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உணவகத்தில் எல்லாரும் ஈரல் உருண்டை சூப்பைப் பாதி குடித்திருந்தார்கள்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்றாள் ரோஸ்விதா.

"ஆலை முனையில ஆளே இல்ல. யாரு நின்னது அங்க?"

"நான்தான்," என்றாள் மரைக்கே. உட்ரெக்டில் பல் மருத்துவர். "நீ வந்தே, கட்டைவிரல் காட்டினே, நான் கெளம்பினேன். இப்ப எம்மேல பழியா?"

"நான் வரவே இல்லையே."

"அப்ப யாரு, உங்கம்மாவா வந்தாங்க? அதே ஆரஞ்சு அங்கி. இங்க வர்ற வரைக்கும் என் பின்னாடியேதான் வந்தே. கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். வாசல்ல திரும்பும்போதுதான் காணோம். பெட்ரோல் போடப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"எந்த வண்டி?"

"சாம்பல் கலரு. வட்ட ஹெட்லைட்டு…" அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே என் வண்டி நின்றிருந்தது. சிவப்பு. முன்பக்கம் இரண்டு சாய்ந்த கண்கள் போல விளக்கு.

"பல்லைத் தவிர வேற எதையும் இவ உத்துப் பாக்க மாட்டா," என்று யாரோ சொல்ல, மேசை சிரித்தது. மரைக்கேயும் சிரித்தாள். வேற குழுவா இருக்கும் என்றாள். இருக்கலாம். திருவிழா வாரத்தில் மலைச் சாலை எல்லாவற்றிலும் குழுக்கள்தான், எல்லாக் குழுவிலும் ஓர் ஆரஞ்சு அங்கி உண்டு.

ரோஸ்விதா சிரிக்கவில்லை. வெண்டலினும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கை நடுக்கம். கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் தட்டித் தட்டி, அவன் சாப்பிடுவது பக்கத்து மேசை வரைக்கும் கேட்கும். வட்ட ஹெட்லைட் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தக் கை அப்படியே நின்றது. நடுக்கமே இல்லை. பிரேமனிலிருந்து இத்தனை நாளில் அந்தக் கையை அசையாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

சாம்பல் நிற வண்டி யாருடையது என்று எனக்கும் தெரியும். எனக்கு முன் இந்த வேலையில் இருந்த கயேதானுடையது. ரோஸ்விதாவின் புருஷன். நான் அவரைப் பார்த்ததில்லை. அப்போது நான் லின்ஸில் ஒரு டயர் கிடங்கில் இரவுப் பணியில் இருந்தேன். நடந்தது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. மூன்று வருஷத்துக்கு முன், கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, வெண்டலின் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறான். கயேதான் அவனைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார். மேலே பழைய சுங்கக் குடிசை முனையில் நின்றவருக்குக் கட்டைவிரலைக் காட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்த வெண்டலின் ஆளில்லாத முனையைப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் இறங்கி வேறு பள்ளத்தாக்குக்குப் போனான். அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து ஆப்பிள் ஸ்ட்ரூடல் தின்றான். அவன் போன் பையின் அடியில் அணைந்து கிடந்தது. ஏரிக்கரையில் ஓர் ஆள் குறைந்தது. கயேதான் அவனைத் தேடி மூடுபனிக்குள் திரும்பிப் போனார். ஒரு வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு வண்டி கீழே போனது.

அதற்குப் பிறகு வெண்டலின் இந்த ஆண்டுதான் வருகிறான். பதிவுப் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்ததும் ரோஸ்விதா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். வரட்டும் என்றாள், அவ்வளவுதான். பைக்கில் ஏறிவிட்டால் எங்களுக்குள் மரியாதைப் பேச்சு கிடையாது, டாக்டரோ கசாப்புக்காரரோ எல்லாரும் நீ, வா, போதான். வெண்டலின் மட்டும் ரோஸ்விதாவிடம் நீங்க என்றே பேசினான். அவளும் அதைத் திருத்தவில்லை.

சாப்பாடு முடிந்து வெளியே வந்ததும் ரோஸ்விதா வழக்கம்போல ஆட்காட்டி விரலை நீட்டி ஒவ்வொருவராகத் தொடுவது மாதிரி எண்ணினாள். எண்ணி முடித்ததும் கை கீழே இறங்கிச் சட்டைப் பைக்குள் போகும். அதுதான் கிளம்பலாம் என்பதற்கு அடையாளம். அன்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"மேல மூடுபனி. பெருசு பின்னாடியே ஒட்டிக்கிட்டு வா. அவன் ஒதுங்கினா நீயும் ஒதுங்கு."

"சுரங்கப்பாதை தொறந்துதானே இருக்கு. எதுக்கு இந்தக் கணவாய் வழி?"

"ரெண்டு வருஷம் சுரங்கத்துலயே போயிட்டேன். போதும்." ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மரங்கள் முடிகிற உயரத்தில் மூடுபனி தொடங்கியது. வெண்டலினின் பின்விளக்கு மட்டும் ஒரு சிவப்புக் கறையாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் மிதிவண்டிக்காரன் வேகத்தில் ஓட்டினான். வளைவுகளில் கை நடுங்கி வண்டி தத்தளித்தது. அடுத்த வருஷம் வண்டி ஓட்ட மருத்துவச் சான்று கிடைக்காது என்று அவனே சொல்லியிருந்தான். எங்கோ மாட்டு மணிகள் கேட்டன, மாடுகள் தெரியவில்லை. இரவுப் பணி பார்த்தவனுக்கு ஆளில்லாத இடத்தில் ஆள் நிற்பது போலத் தோன்றுவது பழகிப்போன விஷயம். அடுக்குகளுக்கு நடுவே யாரோ நடப்பார்கள். போய்ப் பார்த்தால் டயர்தான் இருக்கும். அதற்கெல்லாம் பயந்தால் சம்பளம் வராது. அதனால் எனக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுங்கக் குடிசை முனையிலும் யாரும் இல்லை.

ஈர மண்ணில் பைக்கின் சைடு ஸ்டாண்டை ஊன்றிய குழி புதிதாக இருந்தது. தண்ணீர் இன்னும் அதில் ஊறவில்லை. யாரோ நின்றிருக்கிறார்கள். யாரோ வந்து அவர்களை அழைத்துப் போயிருக்கிறார்கள்.

வெண்டலின் எஞ்சினை அணைத்தான்.

"வண்டியை எடு, பெருசு. வலது பக்கம். எனக்கு வழி தெரியும்."

"எனக்குந்தான் தெரியும். அன்னைக்குத்தான் தெரியல." அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் குழியிலேயே ஸ்டாண்டை ஊன்றி நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினான்.

"என்ன பண்றே?"

"முனையில நிக்கிறேன்."

"உன்னை யாரும் இங்க நிறுத்தல. எல்லாரும் போயாச்சு."

"அவன் இந்த வழியாத்தான் திரும்பி வருவான்."

"செத்துட்டான்யா அந்த ஆளு."

"தெரியும். அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியவே நின்னுட்டு வந்துட்டேன்." குளிரில் அவன் மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை. "முப்பது வருஷம் நீச்சல் குளத்துல காவல் பாத்தவன் நான். தண்ணிக்குள்ள போன ஒரு தலையையும் தவறவிட்டதில்ல. ஒரு புள்ளை கரையேறிட்டா, தேடிக்கிட்டு உள்ள குதிச்சவன்கிட்ட மொதல்ல அதச் சொல்லணும், தம்பி. இல்லேன்னா அவன் முங்கி முங்கித் தேடிக்கிட்டே இருப்பான். அவன் என்னைத் தேடிட்டுத்தான் போனான். நான் கெடைச்சுட்டேன்னு இன்னும் யாரும் அவன்கிட்ட சொல்லல."

எனக்குக் கோபம்தான் வந்தது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இவனை விட்டுவிட்டுப் போக முடியாது. போனால் எனக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பான். சாவியைப் பிடுங்கி என் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். வழியில் அவன் முரண்டு பிடித்தால் இரண்டு பேரும் தடுப்புக்கு அப்பால் போவோம்.

"நான் சொல்றதைக் கேளு. கீழ அவ எண்ணிப் பாப்பா. ரெண்டு பேர் குறையும். நம்மளைத் தேடிக்கிட்டு அவளே கெளம்பி வருவா. இதே பனியில, அதே வளைவுல. அது வேணுமா உனக்கு?"

அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"ஒரு சிகரெட் நேரம் குடு," என்றான். "அதுக்குள்ள வரலேன்னா நீ சொன்ன மாதிரி கேக்குறேன்."

பற்றவைத்தேன். ஈரக் காற்றில் அது சரியாக எரியவில்லை. பாதி போயிருக்கும்போது மாட்டு மணிகள் நின்றன. ஒவ்வொன்றாக அல்ல. எல்லாம் ஒரே நேரத்தில்.

அப்புறம் வலப்பக்கச் சாலையில், கீழிருந்து, ஓர் எஞ்சின் ஏறி வருவது கேட்டது.

ரோஸ்விதா என்று நினைத்தேன். ஆனால் அவளுடைய வண்டி உறுமும். இது தட்டித் தட்டி ஏறியது, ஒற்றை சிலிண்டர், பழைய வண்டி. வளைவுக்கு வளைவு கியர் இறங்கியது. வெளிச்சம் வரும் என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. பெரிய சத்தமாகி, கடைசி வளைவைத் தாண்டி, எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. சாலை காலியாக இருந்தது.

வெண்டலின் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வீசினான். தூரத்தில் நீந்துகிறவனைக் கரைக்குக் கூப்பிடுவது போல.

"கயேதான்! இங்க இருக்கேன்! நான் இங்கதான் இருக்கேன்!"

கிளட்சைப் பிடித்த சத்தம் கேட்டது. எங்களிடமிருந்து ஒரு பைக் நீளத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், எஞ்சின் இடம் நகராமல் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைப் பெட்ரோல் வாசனை வந்தது. சரளைக் கற்களில் ஒன்று மெதுவாகப் புரண்டது. வெண்டலின் அந்த இடத்தை, ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ கேட்டவன் போலத் தலையாட்டினான். பிறகு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். கழுத்துப் பட்டையை வழக்கமாக நான்தான் போட்டுவிடுவேன். அன்று அவனே ஒரே தடவையில் போட்டான்.

"என்ன?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கட்டைவிரல் காட்டிட்டான்," என்றான் வெண்டலின். "கெளம்பலாம்."

சிகரெட் விரல்வரை எரிந்திருந்தது. நான் அதை உணரவில்லை.

இறக்கத்தில் அவன் முன்னால் போனான், நான் பின்னால். முதல் வளைவு திரும்பியதும் என் கண்ணாடியில் வட்டமாக ஒரு வெளிச்சம் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். அது குறைத்தது. கூட்டினேன், கூட்டியது. எனக்கும் வெண்டலினுக்கும் நடுவில் நான் எவ்வளவு இடைவெளி விட்டேனோ, எனக்கும் அதற்கும் நடுவிலும் அவ்வளவே இருந்தது. இந்த வேலைக்கு வந்த பிறகு என் கண்ணாடியில் ஒரு விளக்கு இப்படி விடாமல் வந்ததில்லை. மற்ற இடமெல்லாம் துருப்பிடித்த தடுப்பு ஒரு வளைவில் மட்டும் புதிதாகப் பளபளக்கும். அந்த வளைவு வந்தபோது கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், முட்டாள்தனம்தான். வெளிச்சம் விளிம்புவரை போனது. திரும்பியது. வந்துகொண்டே இருந்தது.

பனிக்குக் கீழே ஏரி தெரிந்தது. கரை முழுக்கப் பைக்குகள், கொடிகள், கொத்தாகக் கூடாரங்கள், வறுக்கும் தொத்திறைச்சியின் புகை. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் ஒரே நேரத்தில் உறுமினால் தரை அதிரும். அதற்குள் தனியாக ஒரு சத்தத்தைப் பிரித்துக் கேட்க முடியாது. எங்கள் விடுதி முற்றத்தில் எல்லாரும் கையில் பியரோடு நின்றார்கள். மரைக்கே எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள், கிண்டலாகத்தான் இருக்கும்.

ரோஸ்விதா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்திருந்தாள், வண்டியின் முகம் மலையைப் பார்த்து இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிளம்பியிருப்பாள். எங்களைப் பார்த்ததும் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

வெண்டலின் அவள் பக்கத்தில் நிறுத்தி, "வந்துட்டோம், ரோஸ்விதா," என்றான். "உன் ஆளைப் பாத்தேன்."

அவள் வழக்கம்போல விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். பியரோடு நிற்கிறவர்களை முதலில். அப்புறம் வெண்டலின். அப்புறம் விரல் என் நெஞ்சுக்கு நேராக வந்தது. இத்தோடு கை கீழே இறங்கிச் சட்டைப் பைக்குள் போக வேண்டும்.

இறங்கவில்லை. என் தோளைத் தாண்டி, பின்னால், வாசல் பக்கம் நகர்ந்து, அங்கே நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காலை ஊன்றி வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, எனக்குப் பின்னால் இன்னொரு பைக் நிற்கும் அளவுக்கு இடம் விட்டேன்.