முதியவர் என்பவர் ஒரு விருந்தாளி

வேறு யாராவது எழுதியிருக்கக் கூடாதா, போன வருஷம் வேலையை விட்டுப் போனானே அவனாவது, போனவர்கள் தலையில் எதைக் கட்டினாலும் கேட்க ஆளில்லை... ஆனால் திரையில் திறந்திருந்த புரோகிராம் கோப்பின் உச்சியில் அவள் பெயர்தான் இருந்தது, பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதியோடு, அதற்குக் கீழே அவளே எழுதி வைத்த குறிப்பு, 'இப்போதைக்கு இப்படி இருக்கட்டும், பிறகு சரிசெய்யலாம்.' பிறகு என்று ஒரு நாள் உண்டா என்ன, இந்த அலுவலகத்தில் அந்த நாளைக் கண்ணால் பார்த்தவர் யார்? மணி பத்து பதினெட்டு. பதினோரு மணிக்கு அப்பாவின் அறைக்கதவு அப்பாவை மறந்துவிடும். இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம். காபி ஆறிக்கொண்டிருந்தது, ஆறட்டும், எதிர்மேசைக்காரர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார், தட்டட்டும்... இல்லை, அதை யாராவது பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தால் தேவலை.

அப்பா அனுப்பியதை எட்டரைக்கே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, அப்பாவிடமிருந்து வருவது பூப்படம் போட்ட காலை வணக்கமாகத்தான் இருக்கும் என்று விரலால் தள்ளிவிட்டாள், பத்து மணிக்குத்தான் திறந்தாள். 'மதிப்பிற்குரிய விருந்தினரே, தாங்கள் தங்கும் காலம் இன்று காலை 11 மணிக்கு நிறைவடைகிறது. எங்களோடு தங்கியதற்கு நன்றி. மீண்டும் வருக.' அதை அப்பாவுக்கு அனுப்பியது அவர் ஒரு வருஷமாக இருக்கும் முதியோர் இல்லம், அவர் அதை அப்படியே இவளுக்குத் தள்ளியிருந்தார். கீழே அப்பா பங்குக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும். அப்பாவை வெளியே போகச் சொல்கிறார்களா, என்ன செய்தார், யாரோடு சண்டை, சண்டை போடுகிற ஆளே இல்லையே... இல்லத்து மேலாளரம்மாவைப் பிடித்துச் சத்தம் போட்டாள், அந்த அம்மா பதறவே இல்லை, நாங்கள் எதையும் அனுப்பவில்லை, எல்லாம் உங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் தானாக அனுப்புவதுதானே என்றார். இவள் போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தாள். உங்கள் கம்பெனி என்றால் வேறு யார், இவள்தான்.

ஹோட்டல்களுக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்த கம்பெனி. முதியோர் இல்லம் வந்து கேட்டபோது, அறை, கதவு, கதவைத் திறக்கிற அட்டை, சாப்பாட்டு நேரம், எல்லாம் ஒன்றுதானே, இரண்டு வாரத்தில் முடி என்றார்கள். அவளிடம் 'விருந்தாளி' என்றொரு கிளாஸ், புரோகிராமில் ஒரு வகைக்கான அச்சு, இருந்தது, ஒரு விருந்தாளிக்கு என்னென்ன உண்டு, என்னென்ன நடக்கும் என்று மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியது. அதற்குக் கீழே 'முதியவர்' என்று ஒரு பிள்ளை கிளாஸைத் தொங்கவிட்டாள். இன்ஹெரிடன்ஸ் என்கிற இந்த வாரிசு முறையின் சுகமே அதுதான், பேரண்டில், அதாவது மேலே இருக்கும் கிளாஸில், எழுதியதெல்லாம் பிள்ளைக்குக் கேட்காமலே வந்து சேரும், எது வேண்டாமோ அதை மட்டும் பிள்ளையில் மாற்றி எழுதிக்கொண்டால் போதும். அறை எண் வந்தது, அட்டை வந்தது, சாப்பாட்டு மணி வந்தது, கூட வேறு என்ன வந்தது என்று யார் பார்த்தார்கள்? யாரும் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கு மேல் தங்க முடியாது, அன்றைக்குக் காலை நன்றி சொல்லி ஒரு செய்தி, பதினோரு மணிக்கு அட்டை செத்துவிடும் என்று பேரண்டின் வயிற்றுக்குள் ஒரு வரி. ஹோட்டலில் எவன் ஒரு வருஷம் தங்குகிறான், அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. இல்லம் திறந்த அன்று முதல் ஆளாகச் சேர்ந்தவர் அப்பா. பெற்ற பெண் எழுதிய வரி, தூக்கம் கலைந்ததும் பெற்றவரைத்தான் முதலில் தேடிப் போக வேண்டுமா?

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதே அவள்தான், அதை நினைத்தால் இன்னும் எரிச்சல். ஒன்றின் கீழ் ஒன்றை வைக்கும் முன் ஒரு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் என்பாள், 'நாய் என்பது ஒரு விலங்கு', சரியாக இருக்கிறதா, வைக்கலாம், 'கார் என்பது ஒரு எஞ்சின்', நாக்கு இடறுகிறதா, வைக்காதீர்கள். அன்றைக்கு அவள் சொல்லிப் பார்க்கவில்லையா? சொன்னாள். அதுதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கோப்பை நிறைகிற நேரத்தில், 'முதியவர் என்பவர் ஒரு விருந்தாளி' என்று முணுமுணுத்தாள், நாக்கு இடறவே இல்லை, வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. எப்படிப் போனது? அப்போது அப்பா அவள் வீட்டில்தானே இருந்தார்... அம்மா போன பிறகு ஒரே ஒரு பெட்டியோடு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில்தான், சட்டை வேண்டுமென்றால் இழுப்பார், எடுப்பார், மறுபடி பூட்டித் தள்ளிவிடுவார். பிடிவாதம் என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அலமாரியை ஒழித்துத் தருகிறேன், இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொன்னது யார்? ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் திறக்கட்டுமா என்று கேட்பார், ஹாலுக்கு வரும்போது செருமிவிட்டு வருவார், குடித்த டம்ளரைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். தொந்தரவே இல்லாத மனுஷர் என்று அவள் பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள். தோழி தொலைபேசியில் வீட்டில் யார் என்று கேட்டால், எட்டாவது மாதத்திலும், அப்பா வந்திருக்கிறார் என்றுதான் சொன்னாள். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அவரே, ஒரு நல்ல இடமா இருந்தா பாரும்மா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், இவளும் பார்த்தாள், இவ்வளவு சீக்கிரம் பார்த்திருக்க வேண்டாம். கட்டில் இருந்த இடத்தில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

திருத்தியதை இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது என்பது அலுவலக விதி, அந்த இன்னொருவரோ பூதக்கண்ணாடி. சோதனைப் பிரிவுக்காரர், எதையும் மூன்று முறை படிப்பார், பெயர் வந்தது அப்படித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார், மணி பத்து முப்பத்தொன்று, அவளுக்கு அவரைக் குலுக்க வேண்டும்போல இருந்தது.

"முதியவர் எதுக்கு விருந்தாளிக்குக் கீழ இருக்காரு?" என்றார்.

"அவசரத்துல வச்சது."

"எடுத்துரலாமே."

எடுக்கலாம், இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் பொதுவாக வேறொரு பேரண்ட் எழுதி, பிய்த்ததையெல்லாம் மறுபடி தைக்க ஒரு வாரம் ஆகும், இப்போதைக்கு ஒரே வரி... இப்போதைக்கு! தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளலாம்போல வந்தது. பிள்ளை கிளாஸில் அந்த ஒன்றை மட்டும் மாற்றி எழுதினாள், காலாவதி: இல்லை. முதியவருக்குக் கெடு கிடையாது, என்றைக்கும். பூதக்கண்ணாடி மூன்று முறை படித்தார், தலையாட்டினார், அவள் பொத்தானை அழுத்தினாள், திரையில் பச்சை விழுந்தது, பத்து நாற்பத்திரண்டு. கதவு இனி அப்பாவை மறக்காது. சாகும்வரை அவருக்கு அந்த அறை திறக்கும், நல்லதுதானே, இதற்குத்தானே இத்தனை பரபரப்பு, பிறகு ஏன் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்?

படிக்கட்டுப் பக்கம் போய் அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். காலையில் வந்ததே ஒரு மெசேஜ் என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார், வருஷக்கணக்கில் கேட்காத வேகத்தில்.

"பாத்ததும் ஒண்ணும் புரியலம்மா. அப்புறம்தான், இங்க வர்ற மெசேஜ் எல்லாம் நான் எழுதினதுன்னு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்கு வந்துருங்கன்னு நேர்ல சொன்னா நான் வேண்டாம்னுருவேன்னு இப்படி அனுப்பிட்டே, இல்ல?" சிரித்தார். "பெட்டியக் கட்டிட்டேன். செடிய பக்கத்து ரூம்காரர்கிட்ட குடுத்துட்டேன். இங்க ஹோம் ஆபீஸ் வாசல்லதான் உட்கார்ந்திருக்கேன். நீ வர்றியா, நானே ஒரு வண்டி பிடிச்சு வந்துரட்டா?"

அது தப்பாக வந்த மெசேஜ் அப்பா. இவ்வளவுதான், ஒரே வரி, தயாராக இருந்தது, தப்பே இல்லாத வாக்கியம். நாக்கு இடறியது. செடியைக் கொடுத்துவிட்டார்... திரும்பிப் போய் அதை எப்படிக் கேட்டு வாங்குவார், என்ன சொல்லி வாங்குவார்?

"வர்றேம்பா" என்றாள்.

டாக்ஸியில் ஏறிய பிறகும் மனசு ஒரு முடிவுக்கு வரவில்லை, பிரிண்டரை எங்கே தூக்கி வைப்பது, கணவரிடம் முதலில் சொல்வதா போன பிறகு சொல்வதா, இல்லை, நேரில் பக்குவமாகச் சொல்லிப் புரியவைத்துவிட்டு, மதியம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அறையில் விட்டு வரலாம், அப்பா புரிந்துகொள்வார், அப்பா எதைத்தான் புரிந்துகொள்ளவில்லை... பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளுவார், செருமுவார், பரவாயில்லம்மா என்பார். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியாது. ஓட்டுநர் எங்கே போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார், மணி பத்து ஐம்பத்தாறு, எல்லா சிக்னலும் சிவப்பு.

"திரும்பி வரணுமா மேடம்? வரும்போது எத்தனை பேரு?"

எத்தனை பேர். கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள் பதிலுக்காகக் காத்திருந்தன, அவளும் தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

"பெட்டி ஒண்ணு இருக்கு" என்றாள்.