எட்டு நாள் பழுது

"இன்னும் ஒரே ஒரு தம்!" என்று அண்ணன் கத்தினான். நாலு பேர் முதுகை வளைத்துத் தள்ளியும், அந்தப் பழைய கார் சரிவில் ஓரடி ஏறி, மறுபடி சறுக்கி, இருந்த இடத்துக்கே வந்து நின்றது. வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த ஒரே வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் ஒருக்களித்து நுழையலாம், ஸ்ட்ரெச்சர் நுழையாது. தெருவில் வேன் காத்திருந்தது. கூடத்தில் அப்பா காத்திருந்தார்.

மகள் கதவோரமாக நின்றாள். அந்தக் கார் ஏன் கிளம்பவில்லை என்பது கூடியிருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா நாற்பது வருடம் வண்டிகளுக்கு ஒயர் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் 'கரண்டு'தான். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒருத்தர் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போன மாதம் அவர் ஓட்டிய கார் ஒரு சைக்கிளை இடித்தது. சைக்கிளில் வந்த பெண்ணுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. "எதிர் வெயிலும்மா, கண்ணக் கூசிடுச்சு" என்றார். வானம் மூடிக் கிடந்த நாள் அது.

இனிமேல் ஓட்டாதீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாவியை ஒளித்தால் முழநீள ஒயரில் கிளப்பிவிடுவார். சின்ன வயதிலிருந்து காருக்கு அடியில் டார்ச் பிடித்தவள் அல்லவா, அவளுக்கும் கொஞ்சம் தெரியும். சாவியைத் திருப்பினால் மெல்லிய ஒயரில் கொஞ்சம் கரண்டு சொலினாய்டு என்கிற காந்தச் சுவிட்சுக்குப் போகும். அது 'டக்'கென்று உள்ளே இழுத்து, பேட்டரியின் தடி ஒயரை ஸ்டார்ட்டர் மோட்டாரோடு சேர்த்துவிடும். அவர் குளிக்கப் போன நேரத்தில், தடி ஒயர் மோட்டாரைத் தொடுகிற முனையைக் கழற்றி, நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு பக்கமும் பூசி, காயவைத்து முடுக்கிவிட்டாள். காய்ந்த பூச்சு கரண்டை விடாது. இனி சாவியைத் திருப்பினால் டக்கென்று சத்தம் வரும். நட்டு வழியாகக் கசிகிற கரண்டுக்குச் சோதனை பல்பும் எரியும். மோட்டார் மட்டும் சுற்றாது.

இரண்டு நாள் பார்ப்பார், அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அப்பாவைத் தெரியாதவள் நினைக்கிற நினைப்பு அது.

அவர் விடவில்லை. எழுபத்திரண்டு வயதில் அட்டையை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, மோட்டாரை நெஞ்சில் தாங்கி இறக்கினார். தரையில் வைத்து பேட்டரி கொடுத்தால் பம்பரமாகச் சுற்றியது. மாட்டினால் கல்லாகக் கிடந்தது. மறுபடி இறக்கினார், மறுபடி மாட்டினார். ஆறாம் நாள் அந்த முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"பளபளன்னுதானே இருக்கு? நீ பாரும்மா, எனக்குத்தான் ஏதோ தெரியல."

"சுத்தமா இருக்குப்பா" என்றாள்.

எட்டாம் நாள் காலையில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம், வயசு என்றார் டாக்டர். அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"தள்ளினது போதும், நகருங்கப்பா" என்று லேத்துக்காரர் வந்தார். அப்பாவின் பட்டறைக்கு அடுத்த கடை அவருடையது, அவளுக்குச் சித்தப்பா முறை. "நான் போன வாரமே வந்து பாத்திருக்கணும். கரண்டு போன்ல கேட்டான். முப்பது வருஷத்துல மொத தடவ என்கிட்ட வழி கேட்டான். உனக்கு வயசாயிடுச்சுடான்னு சிரிச்சேன்." சொல்லிக்கொண்டே அடியில் நுழைந்தார்.

"சாவியத் திருப்பு."

டக்.

ஸ்பேனர் சத்தம் கேட்டது. அப்புறம் நகத்தால் எதையோ சுரண்டுகிற சத்தம். வெளியே வந்தவரின் கட்டைவிரல் நகத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சுருள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தலை தானாகக் குனிந்தது.

"என்ன சித்தப்பா?" என்றான் அண்ணன்.

"துரு" என்றார். அரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

அடுத்த திருப்பலிலேயே கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. யாரோ கை தட்டப் போய், இழவு வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"பத்து நிமிஷ வேலை" என்றான் அண்ணன். "இதுக்கு அப்பா எட்டு நாள் தடவியிருக்கார். பாவம், கடைசில மூளை மழுங்கிப்போச்சு."

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கேவலம், சித்தப்பா மறைத்துவிட்டார், தப்பித்தோம் என்று உள்ளுக்குள் ஒரு மூச்சு இறங்கியதுதான்.

லேத்துக்காரர் காரைத் தெருவுக்கு ஏற்றினார். அது நின்ற இடத்தில், அப்பா படுத்து வேலை செய்த அட்டை கிடந்தது. எடுத்து ஓரமாகப் போடலாம் என்று குனிந்தாள். அதில் கொட்டை எழுத்தில், தச்சர் பென்சிலால் ஒரு பட்டியல். பேட்டரி. எர்த். சாவி. சொலினாய்டு. தடி ஒயர். மோட்டார். ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுது அங்கே இல்லை என்று அடித்திருந்தார். கடைசியில் அடிக்காத ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது.

நான்.

"அண்ணா" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "அப்பாவுக்கு மூளை மழுங்கல. துருவும் இல்ல. நான்தான் நகப்பூச்சு பூசி வெச்சேன். அவர் ஓட்டக் கூடாதுன்னு. என்கிட்டயே காட்டிக் கேட்டார்ண்ணா, சுத்தமா இருக்குன்னு சொன்னேன்."

லேத்துக்காரர் காருக்குள் உட்கார்ந்தபடி எஞ்சினை அணைத்தார். அண்ணன் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தான். "இத்தன பேர் முன்னால இப்ப எதுக்குடி இதெல்லாம்?"

"இத்தன பேர் முன்னாலதானே நீ அப்பாவச் சொன்ன."

அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். மகள் கையிலிருந்த அட்டையை வாங்கி, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்து, மேலிருந்து கீழே கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு எழுத்து உள்ளே போகும்படி அதை இரண்டாக மடித்தாள். அட்டை தடிமன், சட்டென்று மடியவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தி மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"வழி ஆயிடுச்சு" என்றாள், வாசலில் நின்ற ஆண்களிடம். "வந்து தூக்குங்க."